குழுவாக ஃபுளோரன்ஸ்: கலைச்செல்வங்களை நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் சின்ன ஊர். சான்டா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து ஆர்னோ ஆற்றங்கரைக்கு இன்னொரு பத்து நிமிடம். எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதாலேயே பல குழுக்கள் ரோமிலிருந்து காலை ரயிலில் வந்து மாலையே திரும்பிவிடுகின்றன. பேராலயத்தின் முன் ஒரு போட்டோ, பாலத்தில் ஒரு போட்டோ, ஐஸ்கிரீம், அவ்வளவுதான். இந்த ஊருக்கு அப்படிப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது இரண்டு முழு நாள், முடிந்தால் மூன்று இரவு ஒதுக்குங்கள். பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் முன்னும் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கீழே உள்ள திட்டம் முழுக்க அந்த ஒரு முடிவின்மேல் போட்டது.

குழு பதினைந்து பேருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தெருக்கள் குறுகல், நடைபாதையில் இருவர் சேர்ந்து நடப்பதே கஷ்டம். இருபத்தைந்து பேர் என்றால் தெருமுனைக்குத் தெருமுனை ஆள் எண்ணுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

முதலில் நாள் குறியுங்கள்

விமான டிக்கெட் போடும் முன்பே கிழமையைப் பாருங்கள். ஊஃபிஸி, அக்காடெமியா இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறு பேராலயத்தில் வழிபாட்டுக்கு உரிய நாள், சுற்றிப் பார்க்க வருவோருக்கு அன்று ஏற்றதல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம் என்பதைக் கேட்டதும் குழுவில் யாராவது ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அன்று கூட்டத்தில் ஒரு ஓவியத்தின் முன்னாலும் நிற்க முடியாது. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சிக்கலும் இல்லை. திங்கள் நடுவே வந்தே தீரும் என்றால் அன்றைக்குப் பேராலய வளாகம், பழைய நகர மன்றமான பலாட்ஸோ வெக்கியோ, சான்டா குரோச்சே தேவாலயம் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரையும் நல்ல பருவம். ஜூலை, ஆகஸ்டில் ஊர் குண்டானுக்குள் இருப்பதுபோல் வேகும். சுற்றிலும் குன்றுகள், காற்று அசையாது. பெரியவர்கள் இருக்கும் குழுவுக்கு அந்த இரண்டு மாதமும் சரிவராது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால், அதிக இரவுகள் தங்கும் நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

அடுத்தது டிக்கெட், வழிகாட்டி, காதில் மாட்டும் கருவி

முன்பதிவு செய்யும் வரிசை முக்கியம். எல்லாவற்றுக்கும் முன்னால் பேராலயத்தின் குவிமாடம் ஏறும் டிக்கெட்டை எடுங்கள். நேரம் குறித்துக் கொடுப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துபோவதும் அதுதான். அதற்குப் பிறகு அக்காடெமியா, கடைசியாக ஊஃபிஸி. பேராலய வளாகத்துக்கு மூன்று வகைப் பாஸ் உண்டு. புரூனெல்லெஸ்கி பாஸில் குவிமாடம், மணிக்கோபுரம், ஞானஸ்நானக் கூடம், அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். ஜோட்டோ பாஸில் குவிமாடம் மட்டும் இல்லை. கிபெர்ட்டி பாஸில் ஏற்றமே இல்லை. குழுவில் எல்லோருக்கும் ஒரே பாஸ் எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். யார் ஏறுவார்கள், யார் ஏற மாட்டார்கள் என்று முன்கூட்டியே வெளிப்படையாகக் கேளுங்கள். குவிமாடத்துக்கு 463 படி, மணிக்கோபுரத்துக்கு 414 படி. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் வழி சில இடங்களில் ஒரு ஆள் அகலம்தான். மூட்டுவலி, இதய நோய், மூடிய இடத்தில் மூச்சு முட்டும் பயம் இவற்றில் எது இருந்தாலும் அவர்களைக் கிபெர்ட்டி பாஸில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் எதையும் இழக்கப் போவதில்லை, அந்த அருங்காட்சியகத்துக்கே ஒன்றரை மணி நேரம் பத்தாது.

டிக்கெட்டில் பெயர் கேட்கும் இடங்களில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு முன்பெயர், பின்பெயர் குழப்பம் எப்போதும் உண்டு. எல்லோருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் குழுத் தலைவர் செல்போனில் வைத்திருக்கட்டும்.

உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். இத்தாலியில் அந்த உரிமம் இல்லாதவர் தொழிலாகக் குழுவுக்கு விளக்கிச்சொல்ல அனுமதி இல்லை. இரண்டு நாளும் முழுநேரம் வேண்டியதில்லை. ஊஃபிஸிக்கும் பேராலய அருங்காட்சியகத்துக்கும் இருந்தால் போதும், மற்ற இடங்களில் நீங்களே நடக்கலாம். வழிகாட்டி பேசுவதைக் காதில் கேட்க உதவும் சின்ன ரேடியோ கருவியைக் கட்டாயம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது இருந்தால் யாரும் வழிகாட்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பத்தடி தள்ளி, தனக்குப் பிடித்த சிலையின் முன் நின்றபடியே கேட்கலாம்.

முதல் நாள் காலை: குவிமாடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குழு கூடும் இடத்தைப் பேராலயத்தின் தெற்குப் பக்கம் வையுங்கள். அங்கே சுவரோரம் புரூனெல்லெஸ்கியின் சிலை உட்கார்ந்திருக்கிறது, தான் கட்டிய குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடி. பிரிந்துபோனவர்களும் எளிதில் கண்டுபிடிக்கலாம், கதையைத் தொடங்குவதற்கும் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கதை இது. பேராலயத்தை 1296-இல் அர்னோல்ஃபோ டி காம்பியோ தொடங்கினார். நூறாண்டு கழிந்தும் நடுவில் ஏறக்குறைய 45 மீட்டர் அகலத்துக்கு எட்டுமூலை ஓட்டை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அவ்வளவு பெரிய வளைவைத் தாங்கிப் பிடிக்க மரச்சாரம் கட்டுவதென்றால் அதற்கான மரமும் இல்லை, வழியும் தெரியவில்லை. பொற்கொல்லராகத் தொழில் பழகிய ஃபிலிப்போ புரூனெல்லெஸ்கி, தரையிலிருந்து சாரம் எழுப்பாமலே கட்டிக் காட்டுகிறேன் என்றார். 1420-இல் வேலை தொடங்கியது, 1436-இல் குவிமாடம் மூடியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள், இடையில் மனிதர் ஏறும் வழி. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள்.

நீங்கள் ஏறப்போவது அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவேதான். பாதி வழியில், வசாரியும் ஸுக்காரியும் 1572 முதல் 1579 வரை தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் அடியில் ஒரு பால்கனி வழியாகச் சுற்றிப் போவீர்கள். கீழிருந்து பார்க்கும்போது பொம்மை அளவில் தெரிந்த பேய்களும் நரகவாசிகளும் அங்கே ஆளைவிடப் பெரிதாக நிற்பார்கள். எல்லோரும் அங்கேயே செல்போனை எடுப்பார்கள். அதைவிடப் பெரிய அதிசயம் அதற்கு மேலே இருக்கிறது. வழி சாய்ந்து வளையத் தொடங்கும் இடத்தில் நின்று பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். செங்கற்கள் படுக்கை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, இடையிடையே ஒரு கல் மட்டும் செங்குத்தாக எழுந்து நிற்கும். அடுத்த வரிசையில் அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. இப்படி மீன்முள் வடிவில் சுருண்டு ஏறுகிறது. அந்த நிமிர்ந்த கற்கள்தான், சுண்ணச்சாந்து காய்வதற்குள் உள்பக்கம் சாயும் வரிசையைச் சரியவிடாமல் பிடித்தன. சாரம் இல்லாமல் கட்ட முடிந்த ரகசியத்தில் பெரும் பங்கு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பின்னால் வருபவர்கள் பொறுக்க மாட்டார்கள், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று கீழேயே குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இறங்கியதும் முகப்பைப் பார்க்கலாம். வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்புப் பளிங்கில் ஜொலிக்கும் அந்த முகப்பைப் பலரும் மறுமலர்ச்சிக் காலத்தது என்று நினைக்கிறார்கள். அது 1887-இல் முடிந்தது. அழகுதான், ஆனால் அரை மணி நேரம் அங்கே செலவழிக்க வேண்டாம். பக்கத்து மணிக்கோபுரம் ஜோட்டோ 1334-இல் தொடங்கியது. அவர் மூன்றே ஆண்டில் இறந்துபோக, மற்றவர்கள் 1359-இல் முடித்தார்கள். எதிரே ஞானஸ்நானக் கூடத்தின் கிழக்கு வாசலில் தங்கமாக மின்னும் கதவைப் பார்க்க எப்போதும் கூட்டம். அங்கே இருப்பது நகல். லொரென்ஸோ கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த மூலக் கதவு, பேராலயத்தின் பின்புறமுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். குழுப் பயணங்களில் முதலில் வெட்டப்படுவது அதுதான், எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. கூட்டம் குறைவு, லிஃப்ட் உண்டு, உட்கார இடம் உண்டு. கிபெர்ட்டியின் பத்துப் பலகைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். முன்னால் நிற்கும் உருவங்கள் முழுச் சிற்பமாகத் துருத்திக்கொண்டு வர, தூரத்துக் கட்டடங்கள் நகக்கீறல் அளவுக்கு மெலிந்து பின்வாங்கும். கதவின் சட்டத்தில் சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் வழுக்கைத் தலையோடு இருப்பவர் கிபெர்ட்டியே. மைக்கேலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று செதுக்கத் தொடங்கி, ஒருநாள் தானே சுத்தியலால் உடைத்த பியெத்தாவும் (இறந்த இயேசுவைத் தாங்கிப் பிடிக்கும் சிலை) இங்கே இருக்கிறது. பின்னால் முக்காடிட்டு நிற்கும் முதியவரின் முகம் அவருடைய சொந்த முகம் என்பார்கள்.

முதல் நாள் பிற்பகல்: டேவிட்

சாப்பிட்டுவிட்டு ரிக்காசோலி தெரு வழியாக வடக்கே நடந்தால் அக்காடெமியா. பெரும்பாலோர் உள்ளே நுழைந்ததும் கூடத்தின் கோடியில் நிற்கும், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய டேவிட் சிலையை நோக்கி ஓடிவிடுவார்கள். உங்கள் குழுவை இருபுறமும் நிற்கும் ‘கைதிகள்’ சிலைகளிடம் நிறுத்துங்கள். மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்டவை அவை. தோள் வெளியே வந்திருக்கும், தலை இன்னும் கல்லுக்குள் இருக்கும். பல்லுளி ஓடிய கோடுகள் இணைகோடுகளாக மேலெல்லாம் தெரியும். கல்லில் அவர் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தார், எங்கே கையை நிறுத்தினார் என்று விரலால் காட்டலாம். இதைப் பார்த்த கண்ணோடு டேவிட்டிடம் போனால்தான், 5.17 மீட்டர் உயரத்தில் ஒரு கீறலும் மிச்சம் வைக்காமல் முடித்திருப்பதன் அருமை தெரியும்.

அந்தக் கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. வேறு சிற்பிகள் கைவைத்துப் பாதியில் விட்டுப்போன பளிங்குத் துண்டு, பல பத்தாண்டுகள் பேராலயப் பட்டறை முற்றத்தில் மழையில் கிடந்தது. 1501-இல் 26 வயது மைக்கேலாஞ்சலோவிடம் அது வந்தது. 1504-இல் நகர மன்றத்தின் வாசலில் சிலையை நிறுத்தினார்கள். 1527 கலவரத்தில் இடது கை மூன்று துண்டாக உடைந்தது, பிறகு ஒட்டவைத்தார்கள். 1873-இல்தான் இந்தக் கூடத்துக்கு வந்தது.

சிலையைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஓய்வாக நிற்பவன்போல் தெரிவான். அவன் பார்க்கும் திசைக்குப் போய் முகத்துக்கு நேரே நின்றால் புருவம் முடிச்சிட்டிருக்கும். தொங்கும் வலது கையில் நரம்புகள் புடைத்திருக்கும், கழுத்து நரம்பும் அப்படியே. பைபிள் கதையில் டேவிட் கவண்கல்லால் வீழ்த்தும் அரக்கன் கோலியாத் இன்னும் விழவில்லை. கல்லை எறிவதற்கு முந்திய கணம் அது.

அன்று மாலை: சிஞ்ஞோரியா சதுக்கம்

இதற்கு டிக்கெட் வேண்டாம். பலாட்ஸோ வெக்கியோவின் 94 மீட்டர் கோபுரத்தின் கீழ், டேவிட் முதலில் நின்ற இடத்தில் 1910-இலிருந்து நகல் நிற்கிறது. பக்கத்துத் திறந்த மண்டபமான லோஜியா தெய் லான்ஸியில் இருப்பவை பெரும்பாலும் மூலச்சிலைகள். பாம்புக்கூந்தல் அரக்கி மெதூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் செல்லினியின் பெர்ஸியூஸ் வெண்கலச் சிலை, ஒரே பளிங்கில் மூன்று உடல்கள் திருகி எழும் ஜம்போலோன்யாவின் சிற்பம் இரண்டையும் சுற்றி வந்து பாருங்கள். நெப்டியூன் நீரூற்றின் முன்னால் தரையில் வட்டமான கல்லொன்று பதித்திருக்கிறது. ஊராரின் ஆடம்பரப் பொருள்களையும் ஓவியங்களையும் தீயில் போடவைத்த துறவி சவொனரோலாவை 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்த இடம்.

இரண்டாம் நாள்: ஊஃபிஸியில் எட்டே இடங்கள்

காலை முதல் நேரத்துக்கு நுழையுங்கள். பெரிய பைகளை விடுதியிலேயே விடுங்கள். இந்தக் கட்டடத்தை 1560-இல் வசாரி தொடங்கினார், ஊரை ஆண்ட முதலாம் கொசிமோ மெடிச்சியின் அரசு அலுவலகங்களுக்காக. மேல்மாடியில் மெடிச்சி குடும்பத்தின் சேகரிப்பு வளர்ந்தது. அந்தப் பரம்பரையில் கடைசியாக மிஞ்சிய அன்னா மரியா லுயீஸா 1737-இல் ஒரு உடன்படிக்கை செய்தார். எல்லாம் ஃபுளோரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தோஸ்கானா அரசுக்கு, ஆனால் ஒரு பொருளும் ஃபுளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. இவ்வளவும் இன்று ஒரே ஊரில் இருப்பதற்கு அந்த அம்மாளைத்தான் நாம் வணங்க வேண்டும்.

எல்லா அறைகளையும் பார்க்க முயன்றால் இரண்டு மணி நேரத்தில் கால் வலிக்கும், கண் மரத்துப்போகும். நான் பரிந்துரைப்பது எட்டு இடங்கள்.

தொடக்க அறையில் சிமபுவே, டூச்சோ, ஜோட்டோ மூவரும் வரைந்த அரியணை மாதா ஓவியங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு ஜோட்டோவின் மாதாவிடம் வந்தால், துணிக்குள் உடல் இருப்பதும் முழங்கால் கனமாக அமர்ந்திருப்பதும் தெரியும். இத்தாலிய ஓவியம் திரும்பிய முனை அந்த முழங்கால். அங்கே கால் மணி நேரம் கொடுங்கள். அடுத்து பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்காவின் இரட்டை உருவப்படம். பிரபு ஃபெடெரிகோ இடது பக்கம் மட்டும் காட்டுகிறார், வலது கண்ணைக் குதிரைச் சண்டைப் போட்டியில் இழந்தவர். பிறகு பாட்டிச்செல்லி அறை. ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் நெரிசல் இருந்தால் முதலில் ‘வசந்தம்’ ஓவியத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். இருண்ட புல்தரையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

நான்காவது, வெரொக்கியோவின் ‘கிறிஸ்துவின் ஞானஸ்நானம்’. இடது ஓரத்து வானதூதரை வரைந்தது பட்டறையில் மாணவனாக இருந்த லியொனார்டோ. ஐந்தாவது, மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியம். ஆறாவது, டிஷியனின் ‘உர்பினோ வீனஸ்’. ஏழாவது கரவாஜ்ஜோ கேடயத்தின்மேல் வரைந்த மெதூசா, எட்டாவது ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த, எதிரித் தளபதியின் தலையை வெட்டும் யூதித். இடையில் தெற்குத் தாழ்வார ஜன்னலில் ஆறும் பாலமும் தெரியும், மொட்டைமாடிக் காபிக்கடையில் பதினைந்து நிமிடம் உட்காரலாம். மற்றதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு மணி நேரம் தனியாகக் கொடுத்து, வெளியே கூடும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

பிற்பகல்: ஆறும் அதன் வெள்ளமும்

போன்டே வெக்கியோ பாலம் 1345-இல் கட்டியது. அதன்மேல் இருந்த கறிக்கடைகளை 1593-இல் அகற்றிப் பொற்கொல்லர்களைக் கொண்டுவந்தார்கள். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஆற்றின் மற்ற பாலங்களை எல்லாம் தகர்த்தது, இதை மட்டும் விட்டுவைத்தது. நகை வாங்க நிற்பவர்களுக்கு எல்லை வையுங்கள், அரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து நேரி தெரு வழியாக சான்டா குரோச்சேக்கு நடங்கள். வழியில் சான் ரெமிஜியோ தெருமுனையில் சுவரை அண்ணாந்து பாருங்கள். 1333, 1966 இரண்டு வெள்ளங்களும் எட்டிய உயரம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் குறித்திருக்கிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஊருக்குள் புகுந்தபோது கிபெர்ட்டி கதவின் ஐந்து பலகைகள் பெயர்ந்து விழுந்தன. சான்டா குரோச்சேயில் சிமபுவே வரைந்த பெரிய சிலுவை ஓவியம் பெரும்பகுதி வண்ணத்தை இழந்தது. மீட்டவர்கள் போன இடத்தில் போலி வண்ணம் தீட்டவில்லை. காயம் காயமாகவே தெரியும்படி விட்டார்கள். மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி கல்லறைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் இந்தத் தேவாலயத்துக்கு வருகிறார்கள். அந்தச் சிலுவையையும் தேடிப் பாருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை இல்லாமல் எந்தத் தேவாலயத்திலும் விடமாட்டார்கள், ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும்.

மாலையில் ஊர் முழுவதும் தெரியும் மைக்கேலாஞ்சலோ மேட்டுக்கு டவுன் பஸ்ஸிலோ டாக்சியிலோ போய், இறங்கும்போது நடந்து வாருங்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு இந்த ஊர் கஷ்டமில்லை. தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்த பாப்பா அல் பொமொதோரோ, பீன்ஸும் கீரையும் போட்ட ரிபொல்லித்தா இரண்டும் வயிற்றுக்கு இதம். சூப் இறைச்சிச் சாறில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் விற்கும் லம்ப்ரெதோத்தோ மாட்டு இரைப்பையில் செய்தது, தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. உள்ளூர் ரொட்டியில் உப்பு இருக்காது, அது வழக்கமே. பலவித ருசி உள்ள குழு என்றால் சான் லொரென்ஸோவில் உள்ள மத்தியச் சந்தையின் மாடி நல்ல ஏற்பாடு. ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை வரும். இருக்கைக் கட்டணம் அது, ஏமாற்று அல்ல.

அரை நாள் மிச்சமிருந்தால்

ஆற்றின் அக்கரையில் பிரான்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோவின் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு நேரத்துக்குச் சிலரைத்தான் விடுவார்கள், குழுவைப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். கூட்டமே வேண்டாம் என்பவர்களைக் காஷினே பூங்காவின் மேற்குக் கோடிக்கு அனுப்பலாம். கோலாப்பூர் மகாராஜா ராஜாராம் ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1870-இல் இங்கே இளம்வயதிலேயே இறந்தார். முஞ்ஞோனே ஓடை ஆர்னோவில் கலக்கும் இடத்தில் அவரை இந்து முறைப்படி தகனம் செய்தார்கள். வண்ணம் தீட்டிய அவருடைய மார்பளவுச் சிலை ஒரு மண்டபத்தின்கீழ் இருக்கிறது, பக்கத்துப் பாலத்துக்கும் ‘இந்தியர் பாலம்’ என்றே பெயர். பூங்கா நீளமானது, ட்ராமிலிருந்து இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். பெரியவர்கள் இருந்தால் டாக்சியில் போய், திரும்புவதற்கும் அதையே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.